நிவாரணம் மலையேறும் வழி

(சித்தேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பட்டணத்துக் கலாசாலை மண்டபத்தில், படித்தவர் சிலர் கூடியிருக்க, ஒருவர் எழுதிக் கொண்டுவந்ததை வாசித்துவிட்டுப் போவது என்று வழக்கமாகிவிட்ட இக்காலத்தில், அதைச் சித்தேரி மலைமேல், சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் குடிகளின் முன்னிலையில் நடத்தவேண்டுமென்று விரும்பிய குடும்பத்தார்க்கு முதலில் என் வணக்கம். தங்கள் பெயரை மேடையில் எடுத்துச் சொல்லலாகாது என்பது அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை. நிபந்தனைகளைக் குறை கூறவே இன்று நான் வந்திருக்கிறேனாயினும், இந்த ஒன்றுக்கு மட்டும் மனமுவந்து கட்டுப்படுகிறேன்.

பஞ்சமோ புயலோ வெள்ளமோ வந்து போனபின் நாம் எழுதுகிற சரித்திரங்களில் வானத்தின் குற்றம் விஸ்தாரமாக இடம்பெறுகிறது. எத்தனை அங்குலம் பெய்தது, எத்தனை மாதம் பெய்யாமற்போயிற்று, ஆற்றில் எத்தனை ஆயிரம் கனஅடி ஓடிற்று என்பவையெல்லாம் நுணுக்கமாகக் குறிக்கப்படுகின்றன. உயிர் பிழைத்தவனுக்கு அடுத்த வேளைக் கஞ்சி எவ்வழியாக வந்தது, வரவில்லையென்றால் அது எங்கே நின்றது என்ற விசாரணைக்கோ ஓரிரண்டு வாக்கியங்களே கிடைக்கின்றன. உதவிக்கு இடையூறு என்றவுடன் சரிந்த பாறையும் உடைந்த பாலமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை இடையூறுகள்தாம், ஆயினும் அவற்றை அகற்ற இயந்திரங்கள் உண்டு. கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் நடுவே, 'உனக்கு நேர்ந்தது மெய்யான துன்பந்தானா, அதற்கு அத்தாட்சி என்ன?' என்று கேட்டுக்கொண்டு நிற்கிற ஒரு பரீட்சை இருக்கிறதே, அது நூற்றைம்பது ஆண்டுகளாக உருமாறி உருமாறி நிலைத்திருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நூற்றைம்பது ஆண்டுகள் என்று ஒரு கணக்கோடுதான் சொன்னேன். தாது வருஷத்துப் பஞ்சம் என்று கிழவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். 1876ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமும் பொய்த்து வடகிழக்குப் பருவமும் பொய்த்து, அடுத்த ஆண்டும் மழை காலந்தாழ்த்தவே, தாது, ஈசுவர என்னும் இரண்டு வருஷங்கள் தக்ஷிண தேசமெங்கும் மக்களை வாரிக்கொண்டு போயின. இந்தச் சீமை அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது; தருமபுரி தனி ஜில்லாவானது 1965இல்தான். 1871ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் சேலம் ஜில்லாவில் இருந்தவர்கள் 19,66,995 பேர். பத்தாண்டு கழித்து, பிறப்புகளால் பெருகியிருக்கவேண்டிய அத்தொகை 15,99,595 ஆகக் குறைந்து நின்றது. மூன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் ஏட்டிலிருந்து மறைந்து போனார்கள்; அவர்களுள் கண்டிக்கும் மொரீசுக்கும் கப்பலேறியவர்கள் போக, மற்றவர்கள் மண்ணுக்குள் போனார்கள். இத்தனை பேரில் பட்டினியால் மாண்டவர் என்று பதிவானவர் சொற்பம். பசியால் வற்றிய உடம்பில் வாந்திபேதி புகுந்தால் கிராமக் கணக்கன் வாந்திபேதி என்றே எழுதினான். மழை திரும்பியபின் காய்ச்சல் கொண்டுபோனால் காய்ச்சல் என்று எழுதினான். அவன் எழுதியது பொய்யுமல்ல. ஏட்டில் ஒரு மனிதனுக்கு ஒரு காரணந்தான் எழுத இடமிருந்தது.

இனி நிவாரணத்தின் கதை. சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் சர்க்கார், நிலைமை முற்றுவதை உணர்ந்து, 1876ஆம் ஆண்டின் இறுதியில் அர்பத்நட் கம்பெனியார் மூலம் 30,000 டன் தானியத்தை வெளியிற் சொல்லாமல் வாங்க ஏற்பாடு செய்தது. வியாபாரத்தில் சர்க்கார் கையிடுவது பொருளாதார சாஸ்திரத்துக்கு விரோதம் என்ற கொள்கையில் ஊறியிருந்த இந்திய சர்க்கார், அதற்காகச் சென்னையைக் கண்டித்தது. வைசிராய் லிட்டன் பிரபு 1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்து தர்பார் நடத்திய அதே மாதத்தில், செலவைக் கட்டுப்படுத்த ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைத் தெற்கே அனுப்பினார்.

இந்த டெம்பிளின் வரலாற்றில் ஒரு விபரீதம் உண்டு. அதைச் சற்று நிதானித்துச் சொல்ல விரும்புகிறேன். 1874இல் பீகாரிலும் வங்காளத்திலும் பஞ்சம் வந்தபோது, இவரேதான் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி தருவித்து, தாராளமாக வழங்கி, ஜனங்களைப் பெரும்பாலும் சாவினின்று காத்தார். அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று. இவ்வளவு பணத்தை வீணாக்கினாரே என்ற ஏச்சு. காப்பாற்றப்பட்டவர்கள் உயிரோடிருந்தபடியால், ஆபத்தே இல்லாத இடத்தில் செலவு செய்துவிட்டதாகக் கணக்குப் பார்த்தவர்களுக்குத் தோன்றிற்று. அந்த ஏச்சிலிருந்து தம் கீர்த்தியை மீட்டுக்கொள்ள வந்த இடம் நம்முடைய நாடு. நிவாரண வேலைகளில் ஏரி வெட்டியும் சாலை போட்டும் சல்லி உடைத்தும் நின்ற ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதுமென்று அவர் விதித்தார். அதாவது, நாள் முழுதும் கல்லுடைப்பவனுக்கு அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியம். சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இந்த அளவு உடலுழைப்புக்கு ஆகாது, ஜனங்கள் இளைத்து மாள்கிறார்கள் என்று அறிக்கைமேல் அறிக்கையாக எழுதி வாதாடினார். மே மாதத்தில் சென்னை சர்க்கார் கூலியை உயர்த்திற்று. இடையில் சென்ற மாதங்களை யாரும் உயர்த்த முடியாது.

படியின் குறைவைக் காட்டிலும் கொடியதென்று நான் கருதுவது தூரப் பரீட்சை. வீட்டுக்கு அருகிலேயே வேலை கொடுத்தால் உண்மையில் வறுமைப்படாதவனும் வந்து நின்றுவிடுவான் என்று அஞ்சிய அதிகாரிகள், திடமான ஆட்களுக்குத் தம் ஊரிலிருந்து பத்து மைலுக்கு உட்பட்ட வேலைத்தலத்தில் இடமில்லை என்று வகுத்தார்கள். பத்து மைல் நடந்து வருபவனே மெய்யான ஏழை. நடக்க மாட்டாதவன் அவ்வளவு ஏழையல்லன். ஒரு வாரம் கீரையையும் கிழங்கையும் தின்று கிடந்தவனுக்குப் பத்து மைல் என்பது என்ன தூரமென்று அறிய, மலைமேல் உள்ள உங்களுக்கு என் வியாக்கியானம் வேண்டியதில்லை.

இந்த இருட்டில் சில விளக்குகளும் இருந்தன என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் பொருளையெல்லாம் கஞ்சித்தொட்டிக்கே செலவிட்டார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரை வாழ்த்திக் கீர்த்தனம் பாடும் அளவுக்கு அது பேராயிற்று. லண்டன் மாநகரத்தில் திரட்டிய நிதி எட்டு லட்சம் பவுன் அளவில் வந்து சேர்ந்தது. அந்நிதிக்குச் சென்னையில் காரியதரிசியாக இருந்த வில்லியம் டிக்பி, அதைக் கொண்டு குடிசையை மீண்டும் கட்டவும், விதை வாங்கவும், மாடு பிடிக்கவும் உதவிய விவரங்களைப் பிறகு ஒரு பெரிய நூலில் எழுதி வைத்தார். தர்மப் பணம் அதிகம் கேள்வி கேட்காமல் போயிற்று. சர்க்கார் பணம் பத்து மைல் நடக்கச் சொல்லிற்று. இரண்டும் ஒரே ஜனங்களுக்குத்தான்.

பஞ்சத்துக்குப் பிறகு ஞானோதயம் உண்டாயிற்றா என்றால், ஒருவகையில் உண்டாயிற்று. கமிஷன் அமைத்து, பஞ்ச நிவாரண விதிகள் வகுத்தார்கள். பஞ்ச காலத்தில் தானியம் ரயிலடிவரை வந்தும், தீவனமும் தண்ணீருமின்றி மாடுகள் செத்துப்போனதால் வண்டி கட்ட வழியில்லாமல் உள்ளூர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்ற அநுபவம் அவர்களுக்கு நன்றாக உறைத்திருந்தது. ஆகவே, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், பஞ்சத்தைத் தடுக்கும் பாதைகள் என்றே பெயரிட்டு இரண்டரை அடி அகலத்தில் சிறு ரயில் பாதைகள் போட்டார்கள். மொரப்பூர்ப் பாதை 1906இல் திறக்கப்பட்டு, 1913இல் ஓசூர் வரை நீண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. சமவெளிக்கு அந்த அளவேனும் கிடைத்தது. மலைக்குக் கிடைத்தது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். பஞ்ச காலத்தில் கடைசிக் களஞ்சியமாக இருந்தது காடு. கிழங்கும் காயும் தேனும் அங்கேதான் இருந்தன. பஞ்சம் நீங்கி ஐந்தாண்டு முடிவதற்குள், அந்தக் களஞ்சியத்துக்குள் நுழைவது குற்றமாகும் காலம் தொடங்கிவிட்டது. நிவாரணத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிப் பார்க்கவேண்டும்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், அங்கேயே வெகுநேரம் நகராமல் நின்று, வலுவிழந்தபின் உள்நாட்டுக்குள் புகுந்தது. புயல் என்றால் கடற்கரைக்காரர்களின் கஷ்டம் என்று எண்ணியிருந்த நமக்கு, டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் மழை கொட்டிற்று. அரூரில் ஓராண்டில் பெய்யவேண்டியதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே நாளில் விழுந்துவிட்டது. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்த நீர் சாலையோரம் நின்ற வாகனங்களை உருட்டிக்கொண்டு போனதை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டு, கீழே விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. திருவண்ணாமலையில் டிசம்பர் முதல் தேதி மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேரைப் புதைத்தது; குறுகிய சந்து, மேலே எப்போது உருளுமோ என்று நிற்கும் பாறை, ஓயாத மழை, இவற்றுக்கு நடுவே மீட்புப் படையினர் ஒவ்வோர் உடலாக எடுக்கவேண்டியதாயிற்று.

மலை ஏன் சரிகிறது என்பதை மாணவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிப் போகிறேன். கீழே கெட்டிப் பாறை. அதன்மேல் காலங்காலமாக வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து படிந்த மண்போர்வை. நீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியின்றி மண்ணின் துளைகளில் தேங்கினால், மண்ணுக்கும் பாறைக்கும் இருந்த பிடிப்பு விட்டுப்போகிறது. சரிவின் அடிக்காலை வெட்டிச் சாலை போட்டிருந்தால், தாங்கி நிற்பதற்கும் ஒன்றுமில்லை. ஆகையால், மலைக்கு ஏறும் வழியே மழைநாளில் முதலில் அறுகிறது.

சேதத்தின் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், 69 லட்சம் குடும்பங்கள் பாதிக்கப்பட்டன என்றும், 9,576 கிலோமீட்டர் சாலை பழுதாயிற்று என்றும் குறித்து, உடனடியாக 2,000 கோடி ரூபாய் கேட்டிருந்தார். மத்திய அரசு மாநிலப் பேரிடர் நிதியின் இரண்டு தவணைகளாக 944.80 கோடியை விடுவித்தது. மாநில அரசின் முதல் அறிவிப்பில், குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்பது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி என்ற மூன்று மாவட்டங்களுக்கு. இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், குடிசைக்கு 10,000, நீர்பாய்ச்சிய பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. விலைகளைப் பற்றி நான் தர்க்கம் செய்யவில்லை. அத்தனை விரைவில் அறிவித்ததைப் பாராட்டவும் செய்கிறேன். ஆனால் பயிருக்குப் பெறவேண்டுமானால் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் சேதமாகியிருக்கவேண்டும். நிலம் யாருடையதென்று கிராம நிர்வாக அலுவலரின் ஏட்டில் இருக்கவேண்டும். காட்டோரத்துப் புனத்தில் தலைமுறையாகச் சாமை விதைத்துப் பட்டா மட்டும் வாங்காமல் போனவனுக்கு, மண் அடித்துக்கொண்டு போனது அவனுடைய நிலமே அல்ல. 9,576 கிலோமீட்டரில் நெடுஞ்சாலை உண்டு, ஊராட்சிச் சாலை உண்டு. சிற்றூரிலிருந்து சிற்றூருக்குப் போகும் ஒற்றையடிப் பாதை எந்த இலாகாவின் ஏட்டிலும் இல்லாததால், அது அறுந்தாலும் அறுந்ததாகாது. பத்து மைல் நடக்கச் சொன்ன பரீட்சை இன்று ஒரு நகல் தாளாக மாறியிருக்கிறது.

ஏடு ஒரு புறமிருக்க, அச்சமும் ஓர் இடையூறு என்பதை இந்த மலைமேல் நின்று பேசும் ஒருவன் மறைக்கலாகாது. 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவலரும் வருவாய்த்துறையினரும் மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் புகுந்து செய்த அட்டூழியத்துக்காக, 2011இல் தருமபுரி அமர்வு நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அது வானம் செய்த பேரிடரன்று. ஆனால் எந்தச் சீருடை ஒருநாள் வீட்டை உடைத்ததோ, அதே சீருடை மற்றொருநாள் கயிறும் படகும் கொண்டு வரும்போது, கதவைத் திறக்க ஒரு கணம் தயங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளம் வந்த அன்று உண்டாக்கிக்கொள்ளக்கூடிய பொருளல்ல நம்பிக்கை.

உங்களைப்போல மலையில் வாழும் தமிழர்க்கு நேர்ந்த வேறொன்றையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து பல தலைமுறைக்கு முன் மலையேறிய குடும்பத்தார் பலர். மாண்டவர் 70 பேர். மின்சாரமும் தொலைபேசியும் முன்னமே அறுந்திருந்தன; பெரியவாரைப் பாலத்தையும் வெள்ளம் கொண்டு போயிருந்தது; சேதி வெளியுலகுக்குப் போகவே மறுநாள் காலையாயிற்று. அதே 7ஆம் தேதி கோழிக்கோட்டில் விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு 10 லட்சமும், லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சமும் அறிவித்தது. காரணங்கள் சொல்லப்பட்டிருக்கலாம், எனக்கு விளங்கவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் ஈழத்தில் வடகிழக்குக்கு உதவி பகிரும் பொது ஏற்பாடு 2005இல் கையெழுத்தாகியும் நீதிமன்றத் தடையோடு நின்றதையும், 2008இல் நர்கிஸ் புயலடித்த பர்மாவில் ராணுவ அரசு அந்நிய உதவியை வாசலில் நிறுத்தியதையும் இத்தோடு சேர்த்து எண்ணினால், இந்தப் பரீட்சை எந்தத் தேசத்துக்கும் அந்நியமல்ல என்று தெரிகிறது. மறுபுறத்தில், 2024 ஜூலையில் வயநாட்டுச் சூரல்மலையில் பாலம் போனபோது, ராணுவப் பொறியாளர்கள் 190 அடி இரும்புப் பாலத்தை இரண்டு நாளைக்குள் கட்டி முடித்தார்கள். யாரிடமும் அத்தாட்சி கேட்கத் தேவையில்லாத இடத்தில் மனிதன் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறான்!

கலசப்பாடி, அரசநத்தம் முதலிய சிற்றூர்கள் தக்க சாலையின்றிப் பட்ட பாட்டை உங்களுக்கே நான் சொல்வது அதிகப்பிரசங்கம். பிரசவ வேதனைப்படுகிறவளையும் பாம்பு தீண்டியவனையும் மூங்கிலில் போர்வை கட்டித் தூக்கிக்கொண்டு வாச்சாத்திவரை இறங்குவது, மழையில்லாத நாளிலேயே ஒரு பேரிடர்தான். அங்கே சாலைக்குத் தடையாக இருந்தது பாறையன்று, காட்டு நிலத்துக்கு அநுமதி. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி அது மத்திய அரசுவரை போகவேண்டும். ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதை இங்குள்ள படித்த பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்ளவேண்டும். சாலை, பள்ளி, மருந்தகம், குடிநீர் போன்ற காரியங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரை இருந்தால் ஒதுக்கலாம் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் 2008இல் பிறந்த ஒரு நீதிமன்ற இடைக்கால ஆணையால் இச்சட்டத்தின்கீழ் உரிமை வழங்கல் பல ஆண்டுகள் முடங்கி, 2016இல்தான் உச்சநீதிமன்றத்தால் தடை விலகியது. ஆகவே மற்ற ராஜ்யத்தாரைவிட நாம் பிந்தித் தொடங்கியவர்கள். தொடங்கிய அளவும் போதாது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வடகிழக்குப் பருவம் அக்டோபரில் தொடங்குவதால், மே முதல் தேதியும் ஆகஸ்டு 15ஆம் தேதியும் கூடும் சபைகள் மழைக்கு முந்தியவை. அவற்றில் இம்மலையின் ஒற்றையடிப் பாதைகள் எங்கிருந்து எங்கே எத்தனை தூரம் போகின்றன, எந்தப் புனம் யாருடைய உழவில் எத்தனை காலமாக இருக்கிறது, ஒவ்வொரு சிற்றூரிலும் தாமாக நடக்கவியலாத முதியவர்களும் கர்ப்பிணிகளும் யார், யார் வீட்டு மேட்டில் முன்பு மண் சரிந்திருக்கிறது என்பவற்றைப் பேர்பேராக எழுதித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, கையொப்பமும் ரேகையும் வைத்து, ஒரு பிரதியை அரூருக்கும் மற்றொன்றைத் தருமபுரிக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துவிட்டால், அடுத்த டிசம்பரில் குடையும் கோப்புமாக ஏறிவருகிற அதிகாரி அத்தாட்சி எங்கே என்று கேட்கும்போது, அது அவருடைய அலுவலகத்திலேயே நான்கு மாதமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம்.